கையெழுத்துப் போட்டவர் உட்கார வேண்டும்

காலையில் முதலில் மூட்டைகள்தான் ஏறும்.

பதினாறு இருக்கைகள். பதினாறு மணல் மூட்டைகள். தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் இருக்கையில் சாய்த்து, தோள்கம்பியை இறக்கிப் பூட்டி, நடுவில் பெல்ட் மாட்ட வேண்டும். என் அறையில் பதினாறு பச்சை விளக்குகளும் எரிந்ததும் பொத்தானை அழுத்துவேன். கோபுரத்தைச் சுற்றியிருக்கும் வளையம் மூட்டைகளோடு மெதுவாக மேலே போகும். அறுபது மீட்டர். உச்சியில் ஐந்து விநாடி நிற்கும். பிறகு விழும். தரைக்குச் சற்று மேலே காந்தத் தகடுகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"இதுங்கதான்மா நம்மகிட்ட வர்ற நல்ல கஸ்டமர்," என்பார் பூட்டு அண்ணன். "வாந்தி எடுக்காது. போனைக் கீழ போட்டுட்டு வந்து என் சட்டையைப் பிடிக்காது."

தோள்கம்பிகளைப் பூட்டுவது அவர் வேலை. பதினோரு வருடமாகப் பூட்டுகிறார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

மூட்டைகள் மூன்று முறை போய்வரும். நான்காவது முறை ஓர் ஆள் உட்கார வேண்டும். பூங்காவில் வேறு எந்த ராட்டினத்துக்கும் இந்த வழக்கம் கிடையாது. கோபுரத்தை நிறுவ வந்த பொறியாளர் போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர் எவரோ, அவரே முதலில் உட்காரட்டும். அது சோதனைப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கம்பிவடம், தகடு, பூட்டு, கையெழுத்து, உட்கார்ந்தவர், எண்ணிக்கை. எண்ணிக்கைக் கட்டத்தில் எப்போதும் ஒன்றுதான்.

கையெழுத்துப் போடுகிறவர் மெக்கானிக். மெக்கானிக் என் கணவர்.

அவர் ஏழாம் இருக்கையில் உட்காருவார். அது என் அறைக்கு நேராக இருக்கும். போனையும் சாவிக்கொத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். பூட்டு அண்ணன் கம்பியை இறக்கி இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். நான் அழுத்துவேன். கீழே வந்ததும் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். ஆறு வருடம் இப்படி.

"உலகத்துல எல்லாப் பொண்டாட்டியும் மனசுக்குள்ள நினைக்கறதை நீ ஒருத்திதான் தினமும் செய்யற," என்பார் பூட்டு அண்ணன்.

எனக்கு நாள் தள்ளிப்போவது புதிதில்லை. போன வருடம் ஒருமுறை ஆறாம் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். இரண்டு கிலோ மாதுளம்பழத்தோடு வந்தார். அத்தைக்குப் போன் போட்டார். அத்தை நாத்தனாருக்குச் சொன்னாள். "அண்ணி, மாடிப்படி ஏறாதீங்க, ஸ்கூட்டர்ல பின்னாடி உட்காராதீங்க, குனிஞ்சு பெருக்காதீங்க," என்று நாத்தனார் போனில் அடுக்கினாள். "அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றேன். "சும்மா இருங்க. அதுவே பெரிய வேலை."

பன்னிரண்டாம் நாள் தீட்டு வந்துவிட்டது.

அத்தையிடம் அவர்தான் சொன்னார். "இல்லம்மா. ஒண்ணுமில்ல. வெச்சுடறேன்." மீதி மாதுளம்பழங்களை நான்கு நாள் அவரே தின்றார். சமையலறையில் நின்றபடி, விளக்கைப் போடாமல், ஒவ்வொன்றாக உரித்து. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் பத்தாம் நாள்வரை வாயைத் திறப்பதில்லை. பத்தாம் நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடு வந்தால் அவர் காதில் போட வேண்டும். வராவிட்டால் அது என்னோடு.

அடுத்த முறை தள்ளிப்போனபோது அப்படியே இருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை மூட்டைகள் மூன்று முறை போய்வந்தன. அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் முழுவதும் தகடு மாற்றுவதற்காகக் குனிந்தே கிடந்தவர்.

"இன்னிக்கு நீ உட்காந்துடறியா? முதுகு பிடிச்சுக்கிச்சு. சாய முடியல."

"பூட்டு அண்ணன்?"

"எனக்கு பிரஷர் இருக்கே தாயி," என்றார் பூட்டு அண்ணன். "மேல போறது நான், கீழ வர்றது வேற யாரோவா இருக்கும்."

"மேனேஜர் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்," என்றார் அவர். "நான் அழுத்தறேன்."

நுழைவு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை அதை ஒலிபெருக்கியில் படிப்பது என் வேலை. இதய நோய் உள்ளவர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள். முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள். கர்ப்பிணிகள். நான் கர்ப்பிணி இல்லை. எனக்கு ஒன்பது நாள் தள்ளியிருந்தது. அவ்வளவுதான். அதைச் சொன்னால் மறுபடி மாதுளம்பழம் வரும். போன் போகும். பிறகு விளக்கில்லாத சமையலறையில் அவர் நிற்பார்.

"போனைப் பிடிங்க," என்றேன்.

ஏழாம் இருக்கையில் உட்கார்ந்தேன். பூட்டு அண்ணன் கம்பியை இறக்கினார். வளையம் மேலே போனது. பூங்கா சிறிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டு மாடியில் காயும் துணி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. உச்சியில் நின்றது. அடிவயிற்றில் கையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கை போகவில்லை. கம்பிக்கும் வயிற்றுக்கும் நடுவே விரல் நுழையத்தான் இடம் இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதற்குள் விழுந்துவிட்டது.

புத்தகத்தில், உட்கார்ந்தவர் என்ற கட்டத்தில், அவர் தன் பெயரை எழுதினார். எண்ணிக்கை ஒன்று.

பத்தாம் நாள் காலை குளியலறையில் முதல் கோடு உடனே வந்தது. இரண்டாவது கோடு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருவதுபோல மெதுவாக வந்தது. வெளியே ஓடிவந்தேன். அவர் இல்லை. வருடாந்திரச் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று விடியும்முன்பே போயிருந்தார். முதுகில் பட்டையைக் கட்டிக்கொண்டு அன்று அவரே ஏழாம் இருக்கையில் உட்கார்ந்தார். சுற்றிலும் தொப்பி போட்ட ஆட்கள். பக்கத்தில் போக முடியவில்லை.

"என்னம்மா, நிறைகுடம் தூக்கிட்டு வர்ற மாதிரி நடந்து வர?" என்றார் பூட்டு அண்ணன்.

"புதுச் செருப்பு," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குப்புறப் படுத்துவிட்டார். முதுகில் தைலம் தேய்த்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன். ஆரம்பிப்பதற்குள் தூங்கிவிட்டார். எழுப்பியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையிலும் அவர் எனக்கு முன்னால் போய்விட்டார்.

பதினோராம் நாள் வேலையில் இருக்கும்போது வலி வந்தது. பூட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டு ஊழியர் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்து மாலைவரை இருபத்திரண்டு முறை பொத்தானை அழுத்தினேன்.

டாக்டரம்மா நல்லவர். எதையும் மறைக்காமல் சொன்னேன். "அதனால இல்லம்மா," என்றார். மறுபடி கேட்டேன். "இந்த ஆரம்பத்துல பத்துல ஒண்ணு ரெண்டு தங்காது. நீ எதுல ஏறியிருந்தாலும் ஏறாட்டியும் இதுதான்." மூன்றாவது முறை கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் இருந்தவரை நம்பினேன். வெளியே வந்து மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அவரிடம், இந்த மாதம் வயிற்றுவலி அதிகம், இரண்டு நாள் லீவு சொல்லுங்கள் என்றேன். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்தார். சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

அவருக்குத் தெரியக் கூடாது. அந்தப் பையை வாங்கும்போதே அதை உறுதி செய்துகொண்டேன். உட்காரச் சொன்னது அவர். தெரிந்தால் 'இன்னிக்கு நீ உட்காந்துடறியா' என்ற அந்த ஒரு வரி அவரை விடவே விடாது. எனக்குத் தூக்கம் போனது போதும்.

ஐந்து மாதம் காப்பாற்றினேன்.

அன்று விடுமுறை நாள். வரிசை தண்ணீர்த் தொட்டிவரை நீண்டிருந்தது. பூட்டு அண்ணன் ஒவ்வொரு கம்பியாக இறக்கிக்கொண்டு வந்தார். ஏழாம் இருக்கையில் மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண். கல்யாணமாகிச் சில மாதம்தான் இருக்கும். எட்டில் அவள் புருஷன், போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பதினாறு விளக்குகளும் பச்சை. பொத்தானில் விரலை வைத்துவிட்டு ஏழைப் பார்த்தேன்.

அவள் கை கம்பிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் தேடிக்கொண்டிருந்தது. முதலில் நேராக. பிறகு திருப்பி. பிறகு பக்கவாட்டில்.

விரலை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஏம்மா, போர்டு படிச்சீங்களா?"

"படிச்சேன்க்கா."

"உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"என்ன மேடம்," என்றான் புருஷன். "எங்க வீட்டம்மாவைப் பார்த்து நான்தான் பயப்படணும். நீங்க ஏன் பயப்படறீங்க?"

இருக்கைகளில் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "கிளம்புமா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணணுமா?" என்றார். இன்னும் சிரிப்பு.

"இறங்குங்க," என்றேன்.

மேனேஜர் வந்துவிட்டார். கேட்கலாம், இல்லை என்று சொன்னால் விட்டுவிட வேண்டும், அதுதான் விதி. "கேட்டாச்சுல்ல? இல்லைன்னுட்டாங்க. போய் அழுத்தும்மா."

"அழுத்த மாட்டேன்."

"என்னது?"

"இவங்க இறங்கணும். இல்லன்னா வேற ஆளை வெச்சு அழுத்திக்குங்க."

மேனேஜர் பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "யோவ் மெக்கானிக், இங்க வா. உன் சம்சாரத்துக்கு என்ன ஆச்சுன்னு பாரு."

புருஷன் மேனேஜரிடம் டிக்கெட்டைக் காட்டிப் பேச ஆரம்பித்தான். நான் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தேன்.

"எத்தனை நாள் தள்ளியிருக்கு?"

அவள் புருஷன் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏழு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"உறுதியாகட்டும்னு இருக்கேன்க்கா. போன தடவை ரொம்ப ஆசைப்பட்டுட்டாரு."

"நானும் அப்படித்தான் இருந்தேன். ஒன்பது நாள். பத்தாவது நாள் சொல்லிக்கலாம்னு இதே சீட்டுல உட்கார்ந்தேன். மறுநாள் ரெண்டு கோடு வந்துச்சு. அதுக்கு மறுநாள் போயிடுச்சு."

நிமிர்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் சாவி. ஒற்றைக் கம்பியைத் திறக்க மெக்கானிக்கின் சாவி வேண்டும்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவர் என்னைத் தாண்டிப் போய்க் குனிந்தார். சாவி முதல்முறை துளையில் இறங்கவில்லை. இரண்டாம் முறையும் இறங்கவில்லை. பூட்டு அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார். கம்பி மேலே போனது.

"என்னாச்சுடி?" என்றான் புருஷன்.

"தலை சுத்துது. நீங்க போயிட்டு வாங்க."

அவள் படியில் இறங்கிப் போனாள். காலியான ஏழாம் இருக்கையில் பூட்டு அண்ணன் கம்பியை இறக்கிப் பூட்டினார். அப்போதுதான் பச்சை எரியும். நான் அறைக்குள் வந்து அழுத்தினேன். ஏழு காலியாகவே மேலே போனது.

மாலையில் வீட்டுக்குக் கிளம்ப அவர் ஸ்கூட்டரை எடுத்தார். எங்கள் தெருமுனையைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டுத் திரும்பினார். வந்ததும் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். அவர் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு முதுகு பிடிச்ச அன்னிக்கா?"

"ஆமா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். அதனால இல்லைன்னாங்க."

"நல்லாக் கேட்டியா?"

"மூணு தடவை கேட்டேன்."

அவர் தலையாட்டினார்.

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரு நாள்."

குக்கர் மூன்று விசில் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"மேல போனப்ப பயமா இருந்துச்சா?"

"இல்ல. கையை வயித்துல வெச்சுக்கப் பார்த்தேன். கம்பி விடல."

நான்காவது விசில். ஐந்தாவது விசில். தீய்ந்த வாசனை வந்தது. அவர்தான் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அங்கேயே நின்றார். நான் விளக்கைப் போட்டேன்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார், திரும்பாமல்.

"எதை?"

"எதையாவது. அன்னிக்குக் காலையில. இல்ல அப்புறமா."

"அப்புறமா சொல்லி?"

தீயாத சோற்றை மேலாக எடுத்து இரண்டு தட்டில் போட்டேன்.

மறுநாள் மூட்டைகள் மூன்று முறை போய்வந்தன. அவர் கையெழுத்துப் போட்டார். போனையும் சாவியையும் நீட்டுவார் என்று கையை நீட்டினேன். அவர் புத்தகத்தின் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் திருப்பினார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

புத்தகத்தில் அழிக்கக் கூடாது. தப்பு இருந்தால் ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, மெக்கானிக்கும் பொத்தான் அழுத்துபவரும் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டி மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும்.

அவர் உட்கார்ந்தவர் கட்டத்தில் இருந்த தன் பெயரை அடித்தார். மேலே என் பெயரை எழுதினார்.

"வேண்டாம்," என்றேன். "உட்காராம கையெழுத்துப் போட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"டாக்டர்தான் அதனால இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவர் பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார். ஒன்று என்ற எண்ணை அடித்தார். மேலே இரண்டு என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

பூட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். வளையத்தின் மறுபக்கத்தில் ஏற்கெனவே பார்த்து முடித்த கம்பிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"கையெழுத்துப் போடு," என்றார் அவர்.

அதற்குப் பெயர் கிடையாது. ஸ்கேன் படம் கிடையாது. மருந்துச் சீட்டையும் நான்தான் கிழித்துப் போட்டேன். பேனாவை வாங்கி அந்த இரண்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் சிவப்புச் சீட்டை எச்சில் தொட்டு ஒட்டினார். புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்தார். பிறகு போனையும் சாவிக்கொத்தையும் கொடுத்தார்.

ஏழாம் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பூட்டு அண்ணன் கம்பியை இறக்கினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஏழாவது விளக்கு எரிந்தது.

பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தார். அவருடைய வலது கை கம்பிக்கும் வயிற்றுக்கும் நடுவில் நுழையப் பார்த்தது. திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"போலாமாம்மா?" என்று பூட்டு அண்ணன் கேட்டார்.

"இருங்க," என்றேன்.

அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கை ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு அழுத்தினேன்.